டி-க்கு இறக்கிய கம்பிகள்

ஜனவரி 12, ஞாயிறு
ஒத்திகைக்குப் போனால் என் நாற்காலியில் தனுஷன் என்று ஒரு புதுப் பையன். மடியில் புதுக் கிட்டார்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டு என்னாடி வாசிப்ப? மேடையில நின்னு கைதட்டு, போதும்" என்றான் கிஷாந்த். கூடப்பிறந்தவன். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

ஒன்பது வருடமாக அவன் பாடும் இசைக்குழுவில் நான்தான் கிட்டார். நவம்பரில் வேனில் ஸ்பீக்கர் பெட்டி ஏற்றும்போது பிடியை விட்டவன் அவன். நசுங்கியது என் இடது கை. நடுவிரலும் மோதிரவிரலும் இனி மடங்காது. வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டானா?

ஜனவரி 14
பொங்கல். அவன் பக்கம் திரும்பவில்லை.

ஜனவரி 25
ஒரே விரலால் ஒருவர் வாசிப்பதைப் போனில் பார்த்தேன். கம்பிகளின் சுருதியையே மாற்றி வைத்திருக்கிறார். நானும் செய்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஆறாவது கம்பிகளை ஒரு முழுச்சுரம் இறக்கினேன். மூன்றாவதை அரைச்சுரம். விரலே வைக்காமல் மீட்டினேன் — முழு டி மேஜர்! ஆள்காட்டி விரலை கழுத்திலுள்ள ஐந்தாவது கட்டையில், அதாவது ஃபிரெட்டில், குறுக்கே கிடத்தினால் ஜி. ஏழாவதில் ஏ.

மடங்காத விரல்கள் கிடக்கட்டும்.

பெப்ரவரி 3
பாலர் பாடசாலையில் வேலை முடிந்து வந்தால், கிட்டார் பழைய சுருதியில் இருக்கிறது.

"லூசாக் கெடந்துச்சி. சரி பண்ணி வச்சேன்" என்கிறான் கிஷாந்த்.

மறுபடி இறக்கினேன்.

பெப்ரவரி 5
திரும்பவும் ஏற்றி வைத்திருக்கிறான். நாய்.

பெப்ரவரி 8
மூன்றாவது முறை. முறுக்கிய முறுக்கில் முதல் கம்பி அறுந்து தொங்குகிறது.

"எங் கைய எடுத்துட்ட. இதையும் விடமாட்டியா?" கத்திவிட்டேன். "லயத்து வீடு பூரா கேக்குதுடி" என்று அம்மா ஓடிவந்தார். கேட்கட்டுமே!

"நீ பழையபடி வாசிப்பேன்னு நெனச்சித்தான்டி ஏத்தி வச்சேன்..." என்றான்.

பழையபடியாம். யாருக்காக? என் கையைப் பார்க்க அவனுக்குத்தான் முடியவில்லை. அதுக்கு நான் என்னா செய்ய?

கிட்டாரை, என்னோடு வேலை செய்யும் அம்மாக்கண்ணு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மார்ச் 16
அம்மாக்கண்ணு மகளின் சடங்கு. அம்மாக்கண்ணு பாட, நான் வாசித்தேன். சோகப் பாட்டுக்கு மூன்றாவது கம்பியை இன்னும் அரைச்சுரம் இறக்கினேன். பந்தலில் பேச்சுச் சத்தம் அடங்கியது. பேர் பெற்ற எந்த மேடையிலும் எனக்கு இப்படி அடங்கியதில்லை.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்திருந்த பரிமளம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கோயில் திருவிழாவுக்கு ஒங்க அண்ணன் குழுவத்தான் பேசியிருக்கோம். நீயும் வாசிக்கணும் தாயி."

மார்ச் 19
கிஷாந்த் வாசலில் வந்து நின்றான்.

"நீ வந்தாத்தான் ஆச்சுங்கிறாங்க. வர்றியா? அந்தப் பெட்டி... நான் வேணும்னு..." முடிக்கவில்லை. முடிக்க நான் உதவவும் இல்லை.

"வர்றேன். எல்லாப் பாட்டையும் டி சுருதியில பாடணும்."

"என் தொண்டைக்கு ஈ-தான்டி ஒத்துவரும்."

"அப்ப தனுஷனையே வாசிக்கச் சொல்லு."

மார்ச் 23
காலையிலிருந்து டி-யில் பாடிப் பழகுகிறான். கீழே இறங்கும் இடங்களிலெல்லாம் குரல் வெறும் காற்றாகப் போகிறது. அம்மா இரண்டு தடவை வெந்நீர் கொடுத்தார்.

இரண்டாவது ஃபிரெட்டில் விரலைக் கிடத்தினால் எனக்கும் ஈ வரும். அவனிடம் சொல்லவில்லை.