தண்டவாள ஓரத்துச் செடிகள்

மார்ச் 4
மூன்றாவது முறையும் போயிற்று. வேலியோரம் வைத்த ஆறு ரோஜாவும் நுனியிலிருந்து கருகிவிட்டன. "பேசாம சிமெண்ட் போட்டுடலாம், கால்ல மண்ணாவது ஒட்டாது" என்றார் அத்தான். அக்கா கருகிய குச்சிகளைப் பொறுக்கிப் போட்டாள். கணவரை விட்டுவிட்டு நான் இங்கே அக்கா வீட்டுக்கு வந்து ஐந்து மாதம். வேலைக்குப் போய்வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று தோட்டத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுவும் இப்படி.

மார்ச் 7
கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு இரத்தப் பரிசோதனைக்கு வந்தார். இரத்தம் எடுத்துக்கொண்டே செடிகளைப் பற்றிக் கேட்டேன். "உப்பு மண்ணா இருக்கும். கடைச் செடிய விடுங்க. யாரும் தண்ணி ஊத்தாம உங்க பக்கத்துல எது வளருதுன்னு பாருங்க" என்றார். கூடவே, "ஊசிய கொஞ்சம் பாத்து" என்றார்.

மார்ச் 8
ரயில் பாதைச் சரிவு. தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். கண்ணில் பட்டதே இல்லை. சாம்பல் இலைப் புதர்கள், மஞ்சள் பூ, பூவெல்லாம் தேனீ. நாற்பது விதை எடுத்துவந்தேன். புடவை முழுக்க முள்.

ஏப்ரல் 2
ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஏப்ரல் 4
கல்லூரிக்காரருக்குப் போன் செய்தேன். விதையின் தோல் கெட்டியாம். உப்புத்தாளில் தேய்த்து, ஊறவைத்துப் போடச் சொன்னார்.

ஏப்ரல் 19
ஏழு! அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இந்தப் பாடு?" என்றார். குனிந்து பார்க்கத்தான் செய்தார்.

மே 11
ரயில்வேக்காரர்கள் சரிவைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "எல்லாம் களைம்மா. நாளைக்கு ஏழு மணிக்கு மிஷின் வரும். அதுக்குள்ள வேணுங்கறத எடுத்துக்குங்க."

மே 12
விடிந்ததும் கிளம்பினேன். பின்னாலேயே கடப்பாரையோடு அக்கா. நான் கூப்பிடவில்லை. பதினான்கு புதர் தோண்டினோம். நடுவில் மண்ணில் உட்கார்ந்து கேட்டாள்: "உன்னை அடிச்சாராடி?"

"இல்லக்கா. பேசவே மாட்டார். நாலு வருஷம். உப்பு வேணும்னாக்கூட மாமியார்கிட்டதான் சொல்வார்."

"நான் முதல் நாளே கேட்டிருக்கணும்." கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேர்களை ஈரச் சாக்கில் சுற்றினோம். ஏழுக்குச் சரியாக மிஷின் வந்தது.

மே 30
ஒன்பது பட்டுப்போயின. ஐந்து நிற்கின்றன. ஏழு கன்றும் சுகம்.

செப்டம்பர் 3
இரண்டு நாள் விடாத மழை. மொட்டைச் சரிவு அப்படியே தண்டவாளத்தில் சரிந்துவிட்டது. ரயில் இல்லை.

நவம்பர் 16
வாசலில் மேஸ்திரி. முகத்தில் ஈயாடவில்லை. "அந்தப் புதர் வேருதான் மண்ணப் பிடிச்சு வெச்சிருந்துச்சுன்னு எஞ்சினியர் சொல்றார். உங்ககிட்ட விதை கிடைக்குமா?" என்று அத்தானிடம் கேட்டார்.

அத்தான் என் பக்கம் கைகாட்டினார். "தோட்டம் அவங்களோடது. அவங்களக் கேளுங்க."

இரண்டு கை நிறையக் கொடுத்தேன். தேய்க்கும் முறையையும் சொன்னேன். கேட்டுக் குறித்துக்கொண்டவர், எஞ்சினியர் நேரில் வந்து பார்க்க விரும்புகிறாராம், அவரிடம் கொடுக்க என் முகவரியை எழுதித் தரச் சொன்னார்.

இந்த வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன்.