கார்டு மெஷினுக்குச் சந்தனம்

5-10-84, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். ஆயுத பூஜை முடிந்து கடை திறப்பு. கல்லா, கத்தரி, முழக்கோல் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். போன வாரம் வந்த கார்டு மெஷினிலும்! முதலாளியின் கைங்கரியம்.

அவர் கெடு: "இந்த மாசம் ஒருத்தனும் கார்டு நீட்டலன்னா மெஷின திருப்பி அனுப்பிடுவேன், ஜெசி." மெஷின் போனால் என் தனி மேசையும் போகும். மறுபடி நாள் முழுக்க நின்று புடவை மடிக்க வேண்டும். ஐயோ இடுப்பே.

மாலை வந்தாரே மகராசன்! அந்துவான் ஐயா, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு, பாரீஸ் வாசம். இங்கே குருசுக்குப்பத்தில் தங்கை மகள் கல்யாணம், அதற்கு அரக்குப் பட்டு. கையில் பாரீஸ் வங்கிக் கார்டு!

கார்டின் மேல் கார்பன் சீட்டு, உருளையை ஒரு இழுப்பு, கார்டின் மேடான எண்கள் சீட்டில் பதியும், கையெழுத்து. பிறகு மெட்ராஸ் வங்கிக்கு டிரங்க் கால். அங்கிருந்து பம்பாய்க்கு டெலக்ஸ் தந்தி, பம்பாயிலிருந்து பாரீசுக்கு. காத்திருப்பு. இரண்டு காபி.

"எங்க பேங்குக்கு உங்க முதலாளிய தெரியாதே, எப்படிம்மா பணம் குடுப்பான்?"

"யாரையும் தெரிய வேணாங்கய்யா. நடுவுல இருக்கறவங்களுக்கு கார்டு நம்பர் தெரிஞ்சா போதும்."

பெரிய மேதாவி நான். அனுமதி வந்தது. முதலாளி எனக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார், முழு லட்டு.

12-10, வெள்ளி

மழை. பணத்துக்காகத் தபாலில் அனுப்பிய சீட்டு மெட்ராசிலிருந்து திரும்பிவிட்டது. கடைசி நான்கு எண்கள் வெறும் கறுப்புத் திட்டு. கடைப் பிரதியிலும் அதே. உருளையைக் கழற்றினால் காய்ந்த சந்தனம்.

வங்கிக்காரர் போனில்: "போன்ல சொன்ன நம்பர் செல்லாது. சீட்டுல நம்பர் இல்லாம பாரீஸ்ல யார்கிட்ட கேக்கறது? புதுசா இழுத்து, கையெழுத்து வாங்கி அனுப்புங்க."

திங்கள் கல்யாணம், அன்று இரவே ஐயாவுக்குப் பாரீஸ் விமானம். வீடு எது என்று தெரியாது. சந்தனம் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முதலாளியும்தான்.

15-10, திங்கள்

உருளையை மண்ணெண்ணெயில் துடைத்து, மெஷினைப் பையில் போட்டு ரிக்‌ஷாவில் குருசுக்குப்பம். இரண்டு பந்தல். இரண்டாவதில் மணப்பெண் மேல் நம் அரக்குப் பட்டு! கத்தியே விட்டேன்.

விஷயம் கேட்டு ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். பிரியாணித் தட்டை நகர்த்தி மெஷினுக்கு இடம். சுற்றிலும் கூட்டம். மணப்பெண்ணின் அத்தை: "ஏம்மா, இது அப்பளம் தேய்க்கறதா?"

ஐயாவே இழுத்தார். எல்லா எண்ணும் பளிச். கையெழுத்து. "மெர்சி, கண்ணு. சாப்டாம போவக் கூடாது."

போவேனா? இரண்டு தட்டு.

29-10, திங்கள்

நல்ல வெயில். கடைக் கணக்கில் பணம் ஏறிவிட்டது. பாரீஸ், பம்பாய், மெட்ராஸ், நாங்கள்! மெஷின் இங்கேயே, மேசை எனக்கே. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நேராக மெஷினிடம் வந்தார்.

கிண்ணத்தைப் பிடுங்கிச் சந்தனத்தை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.