இரவல் அட்டிகைப் படமும் திறக்காத பக்கமும்

உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டதும் சூடான தூசி வாசனை வந்தது. நீங்கள் அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதாக ஒரு நொடி நம்பிவிட்டேன்.

"அண்ணி, அண்ணன் செஞ்ச பக்கம் யார் போன்லயும் திறக்கல. இந்தப் பெட்டி எதுக்கு? ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரனை வரச் சொல்லிட்டேன்" என்றார் உங்கள் தம்பி. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் நாம் வாழ்ந்த வாழ்க்கையைப் படம் படமாக, ரிட்டயர் ஆன பிறகு கற்றுக்கொண்டு நீங்கள் ஏற்றிய பக்கம். பழைய சாமானாம்!

"வரட்டும், உங்களைத் தூக்கிக் கொடுக்கறேன்" என்றேன் அவரிடம்.

பேத்தியை உட்கார வைத்தேன். வைஃபை பார்த்தாள், ரவுட்டர் பார்த்தாள். "பாட்டி, கன்டெய்னர் நல்லா ஓடுது. இந்த மெஷின்ல பக்கம் திறக்குது. வெளிய இருந்து வந்தா நக்கோ, வராதேங்குது." புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் டப்பாதான் கன்டெய்னராம். நிறுத்தினாள், ஓட்டினாள், அப்படியேதான். கடைசியில் நீங்கள் எழுதிவைத்த ஃபைலைத் திறந்தாள்.

"தாத்தா இந்த மெஷின் அட்ரஸ் மட்டும் போட்டிருக்கார். வெளியாளுக்கு வழியே இல்ல."

"தப்பாப் போட்டுட்டாரா?"

"இல்ல, தப்பில்ல பாட்டி. மேல எழுதியிருக்கார் பாருங்க: வீட்டம்மா உத்தரவு. அவள் சொல்லும்வரை வெளியே விடக் கூடாது."

நம் பெண் கல்யாணத்தில் நான் நிற்கும் படத்தின் கீழே, "கழுத்தில் இருப்பது என் அட்டிகை" என்று மாடி வீட்டுக்காரி எல்லோரும் பார்க்க எழுதினாளே, அது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது, சாத்துங்க" என்று நான் உங்களிடம் கத்தியதுதான் மறந்துவிட்டது. அடுத்த மாதம் நீங்களே போய்விட்டீர்கள்.

"மாத்து" என்றேன். அந்த அட்ரஸை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். உங்கள் தம்பியின் போனிலேயே பக்கம் வந்தது. மனுஷர் சாமான்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார்.

"மாடி வீட்டு ஆன்ட்டி எழுதினதை டெலீட் பண்ணட்டா?"

"வேண்டாம். கீழ எழுது: ஆமா, இரவல்தான். மூணாம் நாளே திருப்பிக் கொடுத்தாச்சு. கழுத்து என்னோடது."

மாடி வீட்டுக்காரியை நான் மன்னிக்கவில்லை. உங்களையும்தான். கோபத்தில் கத்தியதை உத்தரவென்று எழுதி வைத்தீர்களே, அந்த ஒரு மாதத்தில் ஒரு தடவை, "திறக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் என்னவாம்? சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தக் கோபத்தை மட்டும் யார் சொன்னாலும் விட மாட்டேன்.