இருபது கயிறும் மெரினாவும்

05.02.2025, புதன்

காலையில் நான் வளர்க்கிற கடற்பாசியைப் பார்க்கக் கடலுக்குள் போனேன். கயிறு கட்டி இன்று எட்டு நாள். கயிற்றில் விரலளவில் கட்டிய பாசித் துண்டுகள் கிளைவிடத் தொடங்கிவிட்டன. இவ்வளவு நாளும் பக்கத்து வீட்டு அல்போன்சம்மா அன்ரியின் கயிறுகளில்தான் அவருக்கு உதவியாகக் கட்டினேன். இந்த இருபதும் என் பேரில். தெரியட்டும் என்று முனைத் தடியில் சிவப்புத் துணி முடிந்திருக்கிறேன்.

நாற்பத்தைந்தாம் நாள் அறுக்க வேண்டும். அது மார்ச் பதினாலு.

அடுத்த கிழமை பெரியம்மாவோடு சென்னைக்குப் போகிறேன். அவருடைய மகள் பவதாரணி அக்காவுக்கு அங்கே பிள்ளை பிறந்திருக்கிறது. பெரியம்மாவுக்குத் தனியப் போகப் பயம். இரண்டு கிழமைதான்.

"கயிறை நான் பாக்கிறன்," என்றார் அன்ரி. "ஆனா அறுக்கேக்கை நீ நிக்கோணும். நிக்காட்டி அடுத்தமுறை கொம்பனிக்காரர் உன்ரை கயிறை வேறை ஆளுக்குக் குடுத்துப்போடுவாங்கள்."

நான் தலையாட்டினேன்.

12.02.2025

பலாலியில் பிளேன் ஏறி ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. எங்கள் தீவு ஊரான சுருவிலிலிருந்து நெடுந்தீவுக்குப் போய்ச்சேர இதைவிடக் கூட நேரம் எடுக்கும்.

14.02.2025

பிள்ளை என் தோளில் மட்டும்தான் நித்திரை கொள்கிறான். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கென்று புதுச்செருப்பு வாங்கித் தந்தார். அக்கா நல்லவர். அவரோடு கதைக்க எனக்கு இன்னும் கூச்சம்.

17.02.2025

நான் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றபோது அக்கா வந்து கேட்டார். "ஒரு வருசம் எங்களோடை நிண்டிடன். விசாவை அத்தான் பாப்பார். அங்கை போய் என்ன செய்யப்போறாய்? பள்ளிக்கூடமும் இல்லை."

பெரியம்மாவும், "நாலு இடம் பாத்த மாதிரியும் இருக்கும்," என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். எழும்பி வாசிக்கச் சொன்னால் குரல் வராது, தலை மட்டும் ஆடும். பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்போடு போவதை விட்டேன். வாசிக்கத் தெரியாமல் இல்லை. எழுதத் தெரியாமலும் இல்லை, இதோ எழுதுகிறேன்தானே.

இரவு அம்மா போனில், "உனக்கு விருப்பமாம் எண்டு அக்கா சொன்னா. சந்தோசமா நில் பிள்ளை," என்றார்.

விருப்பமோ என்று என்னிடம் யார் கேட்டது? - கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். அதுவும் உண்மை.

19.02.2025

இருபத்திரண்டாம் நாள். பாசி இப்போது கைப்பிடி அளவுக்கு வந்திருக்கும்.

23.02.2025, ஞாயிறு

மெரினாவுக்குப் போனோம். நாளைக்கு அத்தான் எங்கள் பிளேன் ரிக்கற்றை மாற்றுவதாக இருந்தார். பெரியம்மா மட்டும் திரும்புவதாக. ஆகவே இன்றைக்குச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே நன்றாகத்தான் வந்தது.

றோட்டிலிருந்து தண்ணீருக்குப் போகவே கால் நோகும், அவ்வளவு மணல். இத்தனை சனத்தை நல்லூர்த் தேர்த் திருவிழாவிலன்றி நான் கண்டதில்லை. குதிரையில் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறார்கள். நெடுந்தீவில் தன்பாட்டில் திரிகிற குதிரைகள் ஒருவரையும் ஏறவிடா. மாங்காய் போட்ட சுண்டல் சாப்பிட்டேன். அது நல்லாயிருந்தது, மறைக்க மாட்டேன்.

பிறகு கடல். எங்கள் கடல் சத்தம் போடாது. அரை மைல் தூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாது. நாள் முழுக்க அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு கட்டுவோம், அதுவும் பேசாமல் நிற்கும். அந்தப் பழக்கத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செருப்போடேயே உள்ளே இறங்கினேன். முழங்காலளவில் நின்று, அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் பிள்ளையோடு ஈர மணலில் நின்றார்.

"அக்கா, நான் நிக்கேல்லை," என்றேன்.

"என்ன?"

"நான் நிக்கேல்லை."

"கேக்கேல்லையடி. சத்தமாச் சொல்லு."

அலை அப்படி இரைந்தது. மூன்றாம் தரம் வயிற்றிலிருந்து கத்தினேன். "இஞ்சை நிக்க ஏலாது அக்கா. மார்ச் பதினாலு என்ரை பாசி அறுக்கோணும்."

சுற்றி நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து அலை வந்து முழங்காலில் அடித்தது. விழுந்து, உருண்டு, வாய் நிறைய மணலோடு அக்காவின் காலடியில் எழும்பினேன். அக்கா தந்த புதுச்செருப்பில் ஒன்று போய்விட்டது.

பஜ்ஜி விற்கிற அம்மா ஓடிவந்து கை தந்தார். "அலைக்கு முதுகக் காட்டினு நிப்பாங்களா? எந்த ஊரு நீ?"

"சுருவில்," என்றேன். குரல் இன்னும் இறங்கவில்லை.

"அது எங்க கீது?"

"கடலுக்குள்ளை."

"அப்ப உனக்கே தெர்லன்னா யாருக்குத் தெரியும்?"

பெரியம்மா சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஒட்டோவில் கேட்டார். "அப்ப ஏன் அண்டைக்குத் தலையாட்டினனி?"

"நான் எல்லாத்துக்கும் ஆட்டுவன் அக்கா."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க வேண்டும் போல் இருக்கவில்லை. காதுக்குள் இன்னும் மணல்.

24.02.2025

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் நீட்டினார். வாங்கித் தோளில் போட்டேன், நித்திரையாகிவிட்டான். அத்தான் ரிக்கற்றை மாற்றவில்லை.

26.02.2025

புறப்படும்போது அக்கா ஒரு பையைக் கையில் வைத்தார். உள்ளே, மிஞ்சின ஒற்றைச் செருப்பு.

"மற்றதை உங்கடை பக்கம் தேடிப்பார்," என்றார். "கடல் ஒண்டுதானே."

அப்போதுதான் அவர் சிரித்தார். நான் அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

02.03.2025

மூன்று கயிற்றுப் பாசியை ஒரா மீன் மேய்ந்துவிட்டது. மற்றவை இரண்டு கையாலும் பிடிக்குமளவு. அன்ரி சேறு படியவிடாமல் கழுவி வைத்திருக்கிறார். அம்மாவிடம் இனி என் விருப்பத்தை என்னிடமே கேட்கச் சொன்னேன். "ஓம், கேக்கிறன். அதுக்கேன் இவ்வளவு சத்தம்?" என்றார்.

14.03.2025, வெள்ளி

பதினேழு கயிறு அறுத்தோம். வள்ளத்தில் ஏற்ற நானும் அன்ரியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். கொம்பனிக்குப் பட்டியல் எழுதுகிற தம்பிஐயா அண்ணை கரையிலிருந்து கேட்டார். "சிவப்புத் துணிக் கயிறு ஆரின்ரை?"

அன்ரி எனக்காகச் சொல்ல வாயைத் திறந்தார். போன தடவைவரை அவர்தான் சொல்வார்.

"என்ரை," என்றேன். "அடுத்தமுறையும் என்ரை பேரிலைதான், எழுதுங்கோ."

அன்ரி காதைப் பொத்திக்கொண்டார். "மெல்லச் சொல்லு பிள்ளை. கடல் சும்மாதானே கிடக்குது."