எழுதாமல் விட்ட முதல் வரி

அன்பு அம்மா,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்குக்கூட. விடுதியில் நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கலை அண்ணனின் காரியம் முடிந்ததும் நீ கொடுத்த அவர் லேப்டாப்பில், அதை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்காக இணையத்தில் இருந்த வழிமுறையை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி, எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுக்கச் சொன்னது. என்னிடம் பென்டிரைவ் இல்லாததால் அதை எழுதாமல் விட்டேன். அழிக்கட்டுமா என்று லேப்டாப் கேட்டபோது, பழைய லினக்ஸைத்தான் என்று நினைத்து ஆம் கொடுத்தேன். அதிலிருந்த, அண்ணன் பேசிய வீடியோவும் போய்விட்டது.

அந்த இணையப் பக்கத்திலேயே கேட்டேன். ஓர் அக்கா பதில் போட்டார்: "அழாத தங்கச்சி. இனிமே அத ஆன் பண்ணாத, மிச்சமும் அழிஞ்சுடும். வேற எங்கனா அந்த வீடியோ காப்பி கீதான்னு பாரு."

வீட்டுத் தகரப் பெட்டியில் அண்ணனின் உடைந்த போன் இருக்கும். அதைத் துணியில் சுற்றி வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு. குளிருக்குப் போர்வையும் அனுப்பு.

அந்தப் போனிலும் வீடியோ இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன் அம்மா. வந்தால் நீ, "எங்கொழந்தய இன்னொரு வாட்டி போடும்மா" என்று அந்த வீடியோவைக் கேட்பாய். அப்போது நான்

வார்டன் கதவைத் தட்டுகிறார்.

எழில்