உப்புக் கிணற்றுக்கு ஒரு டிக்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். கடல் காற்று. குப்பைக் கிடங்கு நாற்றம் முழுக்க ஊர்ப் பக்கம், உப்பளப் பக்கம் தப்பித்தது.

வேலை:
1. குப்பை மேட்டின் தெற்குச் சரிவை மூட மண். லாரி நான்கு கேட்டேன், வந்தது ஒன்று.
2. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி முக்கால் நிறைந்துவிட்டது. பம்ப் ஆளுக்குப் போன்.
3. செருப்பு தைக்கக் கொடுக்க (மூன்றாவது வாரமாக).

லேபிலிருந்து கிணற்றுத் தண்ணீர் ரிசல்ட் எந்த நேரமும் வரலாம். மரியசெல்வம் அக்காவின் உப்பளம் எங்கள் கிடங்கு வேலியை ஒட்டி. குப்பையிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீர் அவள் போர் கிணற்றில் இறங்கி, டீ நிறம், மூத்திர வாடை. மோட்டாருக்குச் சீல் வைத்து இரண்டு வருஷம். வடக்குப் பாத்திகளில் உப்பே இல்லை. போன வருஷம் மேட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, கனமான ஷீட் விரித்து, அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பினோம். இப்போது கிணறு தெளிந்த மாதிரி தெரிகிறது. சோதனையில் தேறினால் சீல் உடைக்கலாம் என்று எங்கள் ஆபீசர் சார் சொல்லியிருக்கிறார். அக்கா பாத்தியை மிதித்துத் தயாராக வைத்திருக்கிறாள்.

"இந்த வருஷமும் இல்லன்னா பாத்திய விட்டுட்டு எறா உரிக்கப் போயிருவேன், மேடம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

ரிசல்ட். "உப்பு மிக அதிகம். பயன்படுத்தத் தகுதியற்றது." சார் கடைசி வரியை மட்டும் படித்தார். சீல் அப்படியே இருக்கட்டும் என்றார்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நெத்திலி வறுவல் அப்படியே டப்பாவில். அக்காவிடம் சொல்லும் வேலை என் தலையில்.

அக்கா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னது கூடுதலாம்?"

"உப்பு, அக்கா."

"உப்பளத்துக் கெணத்துல உப்பு இல்லாம சீனியா இருக்கும்? என்ன மேடம் சொல்லுதிய?"

ஆபீசுக்கு ஓட்டம். ஃபைலில் நான் அனுப்பிய படிவம். கிணற்று வகை: குடிநீர். டிக் என்னுடையது. என் பச்சை மை. அவசரக்குடுக்கை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்து, உப்புக் கிணற்றைக் குடிநீர் என்று அனுப்பியிருக்கிறேன்.

லேபில் குடிநீர்க் கணக்கு வைத்து, உப்பைப் பார்த்தே தள்ளிவிட்டார்கள். குப்பைத் தண்ணீர் கசிந்ததா என்று காட்டிக்கொடுப்பது அம்மோனியா. அது இரண்டாம் பக்கத்தில். போன வருஷம் எகிறிப்போயிருந்தது. இப்போது இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. மூன்று தடவை படித்தேன். வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். டப்பாவைத் திறந்து நெத்திலியைக் காலி செய்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

சாரிடம் போனேன். தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு வருஷ ரிப்போர்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன். சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"புதுசா ஒரு சாம்பிள் எடுங்க. உப்பளக் கிணறுன்னு பெருசா எழுதுங்க."

பெரிதாக எழுதினேன். சிவப்பு மை, அடிக்கோடு இரண்டு. அக்காவிடமும் என் டிக் கதையை ஒப்புக்கொண்டேன்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்தாயிற்று. வீட்டில் திட்டு.

பிப்ரவரி 16, திங்கள்

தேறியது. தேறியது. தேறியது.

சீல் உடைத்தாயிற்று. மோட்டார் இருமிக்கொண்டே ஓடி, அப்புறம் தண்ணீர். நிறமில்லை. நாற்றமில்லை. நான் கைதட்டிவிட்டேன், லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். மாதம் ஒரு சோதனை என்று சார் உத்தரவு. நான் வாரம் ஒன்று எடுப்பேன். தெற்குச் சரிவுக்கு மண் இன்னும் பாக்கி, இன்று அதற்கு எரிச்சல்கூட வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிளக்கட்டும். அக்கா பாத்தியில் இன்று முதல் உப்பு வாருகிறார்கள்.

பலகையால் இழுக்க இழுக்க வெள்ளையாகக் கரையேறியது. கண் கூசித்தான் கண்ணீர் வந்தது என்று அக்காவிடம் சொன்னேன். பொய். சோதனைக்குக் கொஞ்சம் கேட்டேன். ஒரு பையில் அள்ளி, வாயைக் கட்டி, கையில் கொடுத்தாள். இத்தனை நாள் மேடம் மேடம் என்று கூப்பிட்டவள், இன்று தங்கச்சியிடம் பேசுகிற மாதிரி.

"ஏளா, டிக் அடிக்கும்போது பாத்து அடி. இது உப்பு."