அங்கே குளிர் வரவில்லை

மே 3, 2024

வீரபாண்டியில் காற்றே இல்லை. கம்பெனியில் கருப்பு ஃப்ளீஸ் வெட்டுகிறார்கள். உள்பக்கம் பஞ்சு பஞ்சாக இருக்கும் தடித்த துணி. ஹாம்பர்க்கில் யாரோ குளிருக்குப் போட்டுக்கொள்ளும் ஹூடி. ஃபேன் ஓடினால் கருப்புப் பஞ்சு பறந்து பக்கத்து மேஜையின் வெள்ளைத் துணியில் ஒட்டும், அத்தனையும் ரிஜெக்ட். அதனால் கட்டிங்கில் ஃபேன் கிடையாது. மேலே தகரக் கூரை, வெளியே நாற்பதைத் தாண்டிய வெயில்.

நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுகிறவன். எனக்கு ஏசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஜவேல் வெட்டு மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நாங்கள் ஒரே அறையில் தங்குகிறோம். ராத்திரி முதுகு முழுக்க வேர்க்குரு என்கிறான். பவுடர் வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன கிழித்துவிட்டேன்?

மே 6

முதலாளி ஆறுமுகசாமியிடம் கேட்டேன். இரண்டு மேஜைக்கும் நடுவில் படுதா கட்டிவிட்டு ஃபேன் போடலாமே என்று. ஷிப்மென்ட் போகட்டும் என்றார். தானும் கட்டிங் மேஜையில் நின்று வந்தவன்தான் என்றார். "நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம் கண்ணு?" அப்போது இந்த வெயில் இல்லையே என்றேன். சிரித்தார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

மே 9

ராஜவேல் விழுந்துவிட்டான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கை தப்பியது பெரிய விஷயம். உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது, இனி சூட்டில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவனோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே நாளைக்கு ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறான்.

மே 10

கேண்டீன் சுவரில் பையர் ஒட்டச் சொன்ன புகார் எண் இருக்கிறது. யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. நான் கூப்பிட்டேன். என் பெயரையும் சொன்னேன். அவன் பெயரையும்.

மே 21

பையரின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது படுதா தொங்குகிறது, ஃபேன் ஓடுகிறது, ஒரு கூலர் கூட வந்திருக்கிறது. மதியம் செக்கிங்கில் இருக்கும் மயிலாத்தாள் அக்கா தன் ரசத்தில் பாதியை என் சோற்றில் ஊற்றினார். "நீங்க நல்லா இருப்பீங்க சாமி" என்றார். ராஜவேல் டாக்டர் சொன்னதைக் கேட்காமல் மறுபடி வெட்டு மெஷினுக்கு வந்துவிட்டான். ஆனால் இன்று ராத்திரி வேர்க்குரு என்ற பேச்சே இல்லை.

ஜூன் 12

பையரிடமிருந்து மெயில். மீதி ஹூடி வேண்டாமாம். போன வருடம் அங்கே குளிர் சரியாக வரவில்லை. பழைய சரக்கே கடைகளில் கிடக்கிறதாம். இந்த வருடம் குளிர் இறங்கினால் ரிப்பீட் ஆர்டர் பார்க்கலாமாம்.

சிரிப்பா அழுகையா தெரியவில்லை. சாயப்பட்டறை பாய்லரில் விறகு, கரண்டுக்கு நிலக்கரி, கப்பலுக்கு எண்ணெய் — இத்தனையும் எரித்துக் குளிருக்குத் துணி தைக்கிறோம். எரிக்க எரிக்கக் குளிர் குறைகிறது. நம்மைவிட எத்தனையோ மடங்கு எரித்துப் பணக்காரர்கள் ஆனவர்கள் அவர்கள். இப்போது அவர்களுக்கு ஸ்வெட்டர் தேவையில்லை, அவ்வளவுதான். நமக்கு? வெயிலும் போகாது, வேலைதான் போகும். இதை இந்த ஊரில் யாரிடம் உட்கார்ந்து பேசுவது?

ஜூன் 14

கட்டிங்கில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். ராஜவேலையும். நான் போன் செய்ததால்தான் பையர் கோபித்துக்கொண்டான் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. முதலாளிக்கு உண்மை தெரியும். மெயிலைப் படித்துக் காட்டியவனே நான்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வார்?

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். மயிலாத்தாள் அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜூன் 16

ராஜவேல் பையைக் கட்டிவிட்டான். மெயிலைக் காட்டினேன், தமிழில் சொன்னேன். பார்க்கவே இல்லை.

"குளுரு வல்லைன்னு ஆர்டர் நிக்குமாடா? அங்க ஐஸ் கொட்டும்னு சின்னப் பையனுக்குந் தெரியும்."

உன் உடம்புக்காகத்தானே செய்தேன் என்றேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா? எம்பேரச் சொல்லறதுக்கு முன்னால, ஒரு வார்த்த?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஊருக்குப் போக வெள்ளகோவில் பஸ் ஏறிவிட்டான்.

ஜூலை 2

அறைக்கு வேறு ஆள் பார்க்கவில்லை. வாடகை இடிக்கிறது. இடிக்கட்டும்.

ஆகஸ்ட் 25

காலையிலிருந்து டீக்கடைக்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அதுவும் "சர்க்கரை கம்மி."

அக்டோபர் 19

இருப்பவர்களுக்கும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ரிப்பீட் ஆர்டர் வருமா என்று முதலாளியிடம் கேட்டார்களாம். முதல் முறையாக வாயைத் திறந்திருக்கிறார்: "அங்க குளுரு எறங்கோணும்ப்பா. அது நம்ம கையிலயா இருக்குது?" நான் நான்கு மாதமாகச் சொன்னது. அவர் வாயால் வந்ததும் உண்மையாகிவிட்டது.

நவம்பர் 18

மயிலாத்தாள் அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்க்கிறார்.

"ஏனுங்க, அந்த ஊர்ல குளுரு வந்துருச்சுங்களா?"

போனில் பார்த்தேன். பதினான்கு டிகிரி என்றேன்.

"அது குளுருதானுங்களே?"

"நமக்குக் குளுருங்கக்கா. அவங்களுக்குப் பத்தாது."

தலையாட்டினார். போகவில்லை. ராஜவேல் இப்போது காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் இருக்கிறானாம், அங்கேயும் அனல்தானாம், இங்கே ஆர்டர் வருமா என்று அவனும் போன் செய்து கேட்டானாம். "உங்ககிட்டக் கேக்கறதுக்கு அவனுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றார். பிறகு, நாளைக்கும் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

நவம்பர் 22

பதினைந்து. செக்கிங் மேஜைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஏறிவிட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

நவம்பர் 27

ராஜவேல் கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"எத்தனைடா?"

"பதினொன்னு."

ஆலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான்:

"போன வருசம் இதே நாளு எத்தன இருந்துச்சு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைக்காமல் காத்திருந்தான்.